மீனம்பாளின் காலிங் பெல் சுவிட்ச்

செஞ்சியில் பாதி வீடுகளுக்கு வயரிங் செய்த கன்னியப்பன் ஒரு பொம்மை ரயிலிடம் தோற்றுப்போனார். பக்கவாதத்தில் படுத்துவிட்ட மனைவி மீனம்பாளுக்குப் பொழுது போகட்டுமென்று மகள் அறிவுமதி சென்னையிலிருந்து அனுப்பிய ரயில் அது.

"செஞ்சிக்கு ரயிலு வரும் வரும்னாங்க. நம்ம வூட்டுக்கே வந்துடுச்சு" என்று கோணிய வாயால் சிரித்தாள் மீனம்பாள். தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் ரயிலைத் திருப்புவதை மட்டும், விழுந்துபோன தன் வலது கையாலேயே செய்து பார்க்கவேண்டும் என்றாள். அது முடிந்தால் சோறும் தானே அள்ளிச் சாப்பிடலாம் என்பது அவள் நினைப்பு.

தடம் மாற்றும் காயிலுக்கு, அதாவது செப்புக்கம்பிச் சுருளுக்கு, ஒரு நொடி கரண்ட் போதும்; தொடர்ந்து பாய்ந்தால் தாங்காது. அது தெரியாமல், வீட்டு வயரிங் பழக்கத்தில் கன்னியப்பன், தட்டினால் அப்படியே நிற்கும் லைட் சுவிட்சைப் பொருத்தினார். காயில் கருகிவிட்டது. புதிய காயில் வாங்கி, விரலை எடுத்ததும் தானே மேலே வரும் காலிங் பெல் சுவிட்சைக் கட்டிலோரம் பொருத்தினார்.

மீனம்பாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். டக்கென்று தடம் மாறியது, ரயில் திரும்பியது. ஆனால் அழுத்திய விரல் எழவில்லை. கருகல் நாற்றம் வந்ததும் கன்னியப்பன் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார்.

"வெரல எடுக்க முடியல" என்றாள்.

"வெரல் இன்னா பண்ணும்? சுவிட்சு மட்டம். வேற மாத்திடலாம்."

"நீ போட்ட சுவிட்ச நீயே மட்டம்னு சொல்லி நான் கேட்டதே இல்லயே. எனக்காவ பொய் சொல்லாதய்யா."

கன்னியப்பன் அவள் விரலை சுவிட்சிலிருந்து மெல்லப் பிரித்தெடுத்தார்.