ஒன்பதாவது குழிக்குப் பிறகு

அன்று காலை சூரியனைக் கண் கூசாமல் பார்க்க முடிந்தது. வடக்கே எங்கோ காடு எரிந்து, அந்தப் புகை ரொறன்ரோ வரை இறங்கிவந்து சில நாட்களாகப் படுத்திருந்தது. தேவையில்லாமல் வெளியே போக வேண்டாம் என்று போனில் அறிவித்தல் வந்துகொண்டே இருந்தது. நானும் அதைத்தான் சொன்னேன். கேட்டால்தானே. சிற்றி நிர்வாகம் நடத்துகிற கோல்ஃப் மைதானத்தில் சனிக்கிழமை காலை ஆட்டத்துக்கு இடம் கிடைப்பது லேசான காரியம் இல்லை. என் அண்ணன் விடிய எழும்பிக் கணினிக்கு முன்னால் குந்தியிருந்து பிடித்த நேரம் அது. கிடைத்ததை விட்டுக்கொடுக்க எங்கள் ஆட்களுக்கு மனம் வராது.

நாங்கள் மூன்று பேர்: நான், என் கணவர், அண்ணன். வேலையால் ஓய்வு பெற்றதும் இந்தப் பைத்தியத்தை முதலில் பிடித்துக்கொண்டவர் அண்ணன்தான். பிறகு தன் மச்சானை இழுத்தார். தனியே வீட்டில் இருந்து என்ன செய்வது என்று நானும் போகத் தொடங்கினேன். பையைத் தூக்கிவைக்க வண்டி எடுக்கக் கூடாது, நடப்பதற்குத்தானே வருகிறோம் என்பது அண்ணன் போட்ட சட்டம்.

முதல் குழியில் பந்தை அடித்துவிட்டுக் கணவர் நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தார். நான் பார்த்ததைக் கண்டதும் கையை எடுத்துவிட்டார்.

“என்னப்பா, நெஞ்சுக்குள்ள ஏதும் செய்யுதோ?”

“ஒண்டுமில்லை. கொஞ்சம் இறுக்கமா இருக்கு.”

“உது காஸ், மச்சான்,” என்றார் அண்ணன். “நேற்று ஹோலில ஆட்டிறைச்சியை வெட்டின வெட்டுக்கு வேறை என்ன வரும்?”

முதல் நாள் மண்டபத்தில் ஒரு சாமத்திய வீடு, பெண்பிள்ளை பெரியவளான கொண்டாட்டம். பேச்சும் நடனமும் முடிந்து சாப்பாடு போடும்போது ஊர் அடங்கிவிட்டது. அண்ணன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

எங்கள் ஆட்களுக்கு நெஞ்சில் வருகிற எல்லாமே காஸ்தான், வெறும் வாய்வு. குத்தினால் காஸ், எரிந்தால் காஸ், முதுகில் பிடித்தால் அது வழி தெரியாமல் போன காஸ். மற்றச் சொல்லை ஒருவரும் வாயில் எடுப்பதில்லை. எடுத்தால் அது கேட்டுக்கொண்டு வந்து வாசலில் நிற்கும் என்று பயம். படித்தவர், படிக்காதவர் என்று இதில் வித்தியாசம் கிடையாது. அண்ணனின் பையில் பந்து குறைந்தாலும் ஜிஞ்சர் பியரும் காஸ் குளிசையும் குறையாது. அட்டையைப் பிதுக்கிக் கணவருக்கு ஒரு குளிசை கொடுத்து, தானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் விளையாடியது விளையாட்டே இல்லை. பந்தைப் பார்க்க வேண்டிய கண், கணவரின் சட்டைக் கழுத்து வியர்வையில் நனைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. நனைந்தது. எல்லோருக்கும்தான் வியர்த்தது. புகைக்குள் மரங்களின் நுனி தெரியவில்லை. வழக்கமாகப் புல்லில் மேய்ந்து வழியை மறிக்கிற வாத்துகளில் ஒன்றையும் காணோம். பயம் வந்தால் அது எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். மெல்ல நடவுங்கோ, தண்ணி குடியுங்கோ, அந்தப் பையை இஞ்ச தாங்கோ என்று நான் ஏச ஏச, அண்ணன் சிரித்தார்.

“மச்சான், நீ விளையாட வந்தனியோ, டொக்டரிட்ட வந்தனியோ?”

கணவரோ அன்றைக்கென்று பார்த்து ஒருநாளும் இல்லாத மாதிரி அடித்தார். நூறு தரத்துக்குள் பந்தை அடித்துப் பதினெட்டுக் குழியையும் முடிப்பது அவருடைய நெடுநாள் ஆசை. அது அன்று கைகூடும்போல இருந்தது. அணையப் போகிற விளக்குப் பிரகாசமாக எரியும் என்பார்கள். அது என் நினைவுக்கு வந்தது. வந்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

ஒன்பதாவது குழி கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் முடிகிறது. எங்கள் காரின் கூரை வேலிக்கு மேலால் தெரிந்தது. பத்தாவதைத் தொடங்கினால் பாதை பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிடும். அங்கிருந்து ஏறி வருவதற்குச் செங்குத்தான ஒரு நடைபாதையை விட்டால் வேறு வழி இல்லை. நான் கார்த் திறப்பைக் கையில் எடுத்து, சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு குறுக்கே நின்றேன்.

“விளையாடினது காணும். வாங்கோ, எமர்ஜென்சிக்குப் போவம்.”

“காஸுக்கோ?” என்றார் கணவர். “அங்க போனா பின்னேரம் வரைக்கும் இருத்தி வைப்பாங்கள்.”

“ஹார்ட்டா இருந்தால்?”

சொல்லிவிட்டேன். அண்ணனின் முகம் மாறியது.

“வாயைக் கழுவு, பிள்ளை. கண்டதையும் சொல்லாதை. எனக்குத் தெரியாத காஸோ? இந்தக் கிழமை முழுக்க எனக்கும் உதுதான். விடிய எழும்பேக்க நெஞ்சைப் பிடிக்கும், ஜிஞ்சர் பியர் குடிச்சா விட்டிடும். நான் என்ன, செத்தே போனன்?”

அந்த நேரம் பார்த்துக் கணவர் ஓர் ஏவறை விட்டார். நீண்ட, நிறைவான ஏப்பம். “இப்ப சுகமா இருக்கு,” என்றார். அண்ணன் என்னைப் பார்த்து, கண்டியோ என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். எங்களுக்குப் பின்னால் விளையாடி வந்த நான்கு இளைஞர்கள், வழியை விட்டால் நல்லது என்ற முகத்தோடு நின்றார்கள். நான் திறப்பைப் பொக்கற்றுக்குள் போட்டேன். மனம் மட்டும் கேட்கவில்லை.

பள்ளத்துக்குள் புகை இன்னும் கனத்திருந்தது. ஓடையின் சத்தம் கேட்டது, தண்ணீர் தெரியவில்லை. நான் கணவரோடு ஒட்டிக்கொண்டே நடந்தேன், அவருடைய மூச்சை எண்ணாத குறை. அண்ணன் பின்னால் வந்தார். ஓரிடத்தில் நின்று சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார். இன்னோரிடத்தில், “நீங்கள் போங்கோ, வாறன்,” என்றார். நாங்கள் போனோம்.

பதின்மூன்றாவது குழியில் கணவர் மிகச் சுலபமான ஓர் அடியைத் தவறவிட்டார். சின்னப்பிள்ளைகூடத் தள்ளிவிடக்கூடிய தூரம். அண்ணனின் நக்கல் வரும் என்று காத்திருந்தேன். மச்சான் தவறவிட்டதை அண்ணன் சும்மா விட்ட சரித்திரமே கிடையாது. ஒன்றும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் கால்களை நீட்டி, பையில் சாய்ந்தபடி புல்லில் இருந்தார். மடியில் ஜிஞ்சர் பியர் போத்தல். மூடியைத் திருகினார், அது அசையவில்லை. முகம் சாம்பல் பூத்திருந்தது. புகையில் அப்படித் தெரிகிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

“பிள்ளை,” என்றார், “இதை ஒருக்காத் திறந்து தா.”

நான் திறந்து நீட்டும்போது அவர் சரிந்துவிட்டார்.

பின்னால் வந்த அந்த இளைஞர்கள்தான் ஓடிவந்தார்கள். ஒருவன் நெஞ்சை அழுத்தினான், ஒருவன் அம்புலன்ஸைக் கூப்பிட்டான், மற்ற இருவரும் வழி காட்ட மேலே ஓடினார்கள். கணவர் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு, “காஸ்தான் மச்சான், காஸ்தான்,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சைரன் மேலே கார் நிறுத்துமிடத்தில் வந்து ஓய்ந்தது கேட்டது. அந்த நடைபாதையால் அம்புலன்ஸ்காரர் ஸ்ட்ரெச்சரோடு இறங்கி வந்து சேர நேரம் எடுத்தது. அவ்வளவு நேரம் என் அண்ணனிடம் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நான் கணவரையும் விடவில்லை. அழுதுகொண்டே ஏசி, இழுத்துக்கொண்டு போய்ப் படுக்கவைத்தேன். வயர்களை ஒட்டிப் பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். பின்னேரம் இளம் டொக்டர் ஒருவர் வந்து, இதயத்தில் ஒரு பழுதும் இல்லை, வயிற்றுக் கோளாறுதான் என்றார். அண்ணன் சொன்னது சரி. இவருக்கு வெறும் காஸ். அதைப் போய் அண்ணனிடம் சொல்வதற்காக நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன்.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும், “காஸ் எண்டு நினைச்சிட்டார், பாவம்,” என்று தலையாட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் அண்ணனோடு முன்பு வேலை செய்த ஒருவர் வந்து இருந்தார். இருந்தவர் நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தார். நான் பார்த்ததைக் கண்டதும் கையை எடுத்துவிட்டார்.

“ஒண்டுமில்லைத் தங்கச்சி. காலமை வெறும் வயித்தோட வந்தனான். காஸ்.”

தேவாரம் படிக்கத் தொடங்கிவிட்டார்கள். பெட்டியை மூடுகிற நேரம். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கச் சனம் எழும்பி வரிசையாக நின்றது. நான் கைப்பையைத் திறந்து கார்த் திறப்பை எடுத்தேன்.

“எழும்புங்கோ, அண்ணை. உது ஹார்ட்டா இருக்கும்,” என்றேன். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூத்த ஒருவர் வாயில் விரலை வைத்துக் காட்டினார். நான் அந்த மனிதரின் கையைப் பிடித்து எழுப்பி, வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

என் அண்ணனின் பெட்டியை மூடும்போது நான் அங்கே இருக்கவில்லை.