அழிஞ்சதோ, அழிச்சதோ

கரு தானாகக் கலைந்தால் எங்கள் பேச்சில் ‘அழிஞ்சு போச்சு’ என்போம். வேண்டாமென்று கலைத்தால் ‘அழிச்சுப் போட்டாள்’ என்போம். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் அந்த ஓர் எழுத்து போன பங்குனியில் என்னை இருக்கவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை.

நான் வந்து குடியேறிய இந்தக் குளிர்நாட்டில், மோர்டென்ஸ்ருட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். என்னோடு சோடியாக நிற்பவள் மலாவி நாட்டுக்காரி. படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். வருடக்கணக்காகச் சேர்ந்து புரட்டியதில் ஒருத்தி கை எங்கே போகும் என்று மற்றவளுக்குத் தெரியும். அந்தப் பங்குனியில் ஒரு சனிக்கிழமை அவள் கை வரவேண்டிய இடத்துக்கு வரவில்லை. கிழவர் ஒருபக்கம் சரிந்தார், நான் சுள்ளென்று ஏசிவிட்டேன். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பித் தருகிறவள், அன்று கிழவரின் தலையணையை மட்டும் சரிசெய்தாள். ஏதோ நடந்திருக்கிறது என்று விளங்கியது.

இடைவேளையில் சொன்னாள். ஊரில் அவளுடைய தங்கைக்கு முந்தின நாளிலிருந்து இரத்தம் போகிறதாம். மூன்று மாதக் கரு. காய்ச்சலும் பிடித்துவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாளாம். அவர்களுடைய சட்டப்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் கருவைக் கலைக்கலாம், மற்றபடி சிறை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி இப்படி இரத்தத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கட்டிலடிக்குப் பொலிஸ் வந்து விசாரித்ததாம். அதைக் கண்ட பிறகு தங்கைக்கு இரத்தத்தைவிடக் கேள்விக்குத்தான் பயம்.

கேள்வி என்றதும் என் வாயிலும் ஒன்று வந்தது. தேத்தண்ணியோடு விழுங்கினேன். அவள் போனை எடுத்துத் தன் மொழியில் கெஞ்சினாள், அதட்டினாள், பிறகு அழுதாள். அந்தப் பக்கம் தங்கை அசையவில்லை.

எனக்கும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒன்று அழிந்தது. அதை வைத்தியர் ‘ஸ்பொந்தான் அபோர்ட்’ என்றார். தானாக அழிந்ததற்கும் இவர்களுக்கு அபோர்ட் என்றுதான் பெயர் என்று அப்போது எனக்கு எங்கே தெரியும்? காதில் விழுந்தது அந்தக் கடைசிச் சொல் மட்டும்தான். “ஐயோ டொக்டர், நான் அழிக்கேல்லை, அது தானா அழிஞ்சது” என்று தமிழிலேயே குழறினேன். மொழிபெயர்க்க வந்திருந்த அண்ணர் வெட்கத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு அதை எடுத்துச் சொன்னார். அதை யாரும் உங்களிடம் கேட்கவில்லையே என்று வைத்தியர் அதிசயப்பட்டார். பிறகு காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டார். பனியும் இருட்டுமாகக் கிடந்த இந்த நாட்டில் எனக்கு முதன்முதல் பிடித்துப்போனது அதுதான்.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து எல்லாரும் கீழ் மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. செபக்கூட்டத்தை நடத்துகிற மன்னார் அக்காவிடம் போனேன். நான் ஆஸ்பத்திரியால் வந்து கிடந்த நாட்களில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து தந்தவர் அவர். விஷயத்தைச் சொல்லி, அந்தப் பிள்ளைக்காக ஒரு செபமாலை சொல்லவேண்டும் என்றேன். செபமாலையைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார்.

“அழிஞ்சதோ பிள்ளை, அழிச்சதோ?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ரத்தம் போகுது எண்டுதானே அக்கா சொன்னனான். மாதாவுக்கு அந்த விபரமும் வேணுமோ?”

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அக்காவின் முகம் சிறுத்துப்போனது. ஆனாலும் முழங்காலில் இருந்து செபமாலையைத் தொடங்கினார். நானும் பக்கத்தில் இருந்தேன், வாய் செபித்தது, கண் போனிலேயே கிடந்தது.

திங்கள் காலை, நான் இருக்கிற ஹொல்ம்லியாவிலிருந்து பஸ்ஸில் போகும்போதும் ஒரு தகவலும் இல்லை. வழக்கத்துக்கு ஒரு தரிப்பிடம் முன்னாலேயே எழும்பி நின்றுவிட்டேன். உடுப்பு மாற்றுகிற அறையில் அவள் சுவரோர வாங்கில் குந்தியிருந்தாள்.

தங்கை மயங்கி விழுந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு நினைவு இருக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பெயரைக் கேட்க முன்னமே கலைக்க என்ன குடித்தாள் என்றுதான் தாயிடம் கேட்டார்களாம். உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கர்ப்பப்பை பழுதாகிவிட்டது, எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் முந்தி வந்திருந்தால் எடுத்திருக்கத் தேவையில்லை என்று சொன்னார்களாம். தங்கைக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

அவள் பக்கத்தில் போய் இருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா கேட்டா. நேர்ஸ் கேட்டாள். நான்கூடக் கேட்டனான், அந்த நிலையிலை கிடந்தவளிட்டை. நீ மட்டும்தான் கேக்கேல்லை.”

அதற்கு எனக்கு நன்றி சொன்னாள். நான் கையை மெல்ல இழுத்துக் கையுறையை மாட்டினேன். சனிக்கிழமையிலிருந்து என் வாய்க்குள் அந்தக் கேள்வியைத் தவிர வேறு ஒன்றுமே இருக்கவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? இப்போதும் இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று யாரையாவது புரட்டும்போது அது நாக்கு நுனிக்கு வந்துவிடுகிறது.