நமக்குச் சேராத கார்புரேட்டர்

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம். ஓடைப்பட்டிப் பக்கம் காஞ்சு கெடக்குற கண்மாய். எங்க கட்சி அம்பாசடர் மூணும் வரிசையா நிக்குது. பன்னெண்டு டயருக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம் வச்சாச்சு.

எதிர் வரிசை... காலி.

ரேசுக்கு மைக்குல கத்துறது என் வேலை. கையில மைக்கு இருந்தா நம்ம வாய் சும்மா இருக்குமா? “பத்மினிக் கட்சி பயந்துபோயி படுத்துருச்சு டோய்!”ன்னு கத்துனேன். ஒருத்தரும் சிரிக்கல. முறுக்கு விக்கிறவரு கூட கீழ குனிஞ்சுக்கிட்டாரு.

வெவரம் தெரியாதவுகளுக்குச் சொல்லிர்றேன். குடும்பத்தோட கல்யாணத்துக்குப் போவாகள்ல, அந்தப் பழைய காரை வச்சே நாங்க ரேஸ் விடுவோம். ஒரு பக்கம் அம்பாசடர், இன்னொரு பக்கம் பத்மினி. ரெண்டு வண்டியும் கம்பெனியில இருந்து வர்றது நின்னு எம்புட்டோ வருசமாச்சு. செஞ்சவுகளே மறந்துட்டாக — நாங்க சண்டையை விடல. பங்குனியில ஆரம்பிச்சு மாசத்துக்கு ஒரு ரவுண்டு. கண்மாய்க்குள்ள பத்துச் சுத்து. நாலு ரவுண்டு ஓடுனா சீசன் முடிஞ்சுச்சு.

எங்க கட்சிக்குத் தலைவரு எங்க தாய்மாமன். உத்தமபாளையத்துல ஒர்க்‌ஷாப் வச்சிருக்காரு. பத்மினிக் கட்சியில முன்னாடி நாலு வண்டி. இந்த வருசம் மிஞ்சுனது ராயப்பன்பட்டி அந்தோணி அண்ணனோடது ஒண்ணுதான்.

நாங்க வண்டியை ரேசுக்குன்னே வச்சிருக்கோம். அண்ணன் அப்படியில்ல. அவரு சம்சாரத்துக்கு முழங்கால் மடங்காது. ஆட்டோல ஏற முடியாது. பத்மினியில முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளிட்டா காலை நீட்டி உக்காந்துக்கிருவாக. ஞாயித்துக்கிழமை காலையில மதினி சர்ச்சுப் பூசைக்கு, சாயங்காலம் அண்ணன் ரேசுக்கு. ஒரே வண்டி.

இந்த வருசம் புதுசா ஒரு சட்டம் போட்டோம். போட்டது யாரு? ஒம்போதாங்கிளாசைத் தாண்டாத இந்த அறிவாளிதான். “கப்பு எதுக்கு? ஜெயிச்சவுக தோத்த வண்டியில இருந்து ஒரு சாமானைக் கழட்டிக்கிறணும்!” டீக்கடையே சிரிச்சுச்சு. அந்தோணி அண்ணன்தான் ரொம்பச் சிரிச்சாரு.

மொத ரவுண்டு ஒத்த வண்டியை வச்சுக்கிட்டு அவருதான் ஜெயிச்சாரு. எங்க மாமாவோட அம்பாசடருக்குள்ள அண்ணன் குனிஞ்சு ஆஷ்ட்ரேயை மட்டும் உருவிக்கிட்டாரு. “எனக்கு இது போதும்ப்பா”ன்னு போயிட்டாரு. நல்ல மனுசன் செய்ற காரியம். எங்களுக்கு அது அவமானமாப் பட்டுச்சு... புத்தியப் பாத்தீகளா?

ரெண்டாவது ரவுண்டு நாங்க ஜெயிச்சோம். “எதைக் கழட்ட மாப்ள?”ன்னாரு மாமா.

“கார்புரேட்டர்.” பெட்ரோலைக் காத்தோட கலந்து எஞ்சினுக்குக் குடுக்குற சாமான் அது.

“ஏலே, அது நம்ம வண்டிக்குச் சேராதுலே!”

“நமக்குச் சேராட்டி என்ன மாமா? அவருக்கும் இல்லாமப் போகும்ல?”

மாமா ஸ்பேனரை எடுத்தாரு.

அண்ணன் மதுரை, கோட்டயம்னு அலைஞ்சு, எங்கனயோ ஒரு கார்புரேட்டரைப் பிடிச்சுப் போட்டுக்கிட்டு மூணாவது ரவுண்டுக்கு வந்தாரு. தோத்தாரு. நாங்க டிஸ்ட்ரிபியூட்டர்ல கை வச்சோம் — அது இல்லாட்டி எஞ்சின்ல பொறி வராது, வண்டி கெளம்பாது.

“தம்பி, இது மட்டும் வேணாம்டா. மதினி கோயிலுக்குப் போகணும்.”

நான் மைக்குலயே சொன்னேன்: “நடந்து போகச் சொல்லுங்கண்ணே, புண்ணியம் கூட!”

அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாக. அண்ணனும் பேருக்குச் சிரிச்சாரு. நானே கழட்டுனேன்.

அதான் போன ஞாயித்துக்கிழமை எதிர் வரிசை காலி. அஞ்சு மணி வரைக்கும் பாத்தோம். மாமா வந்து எங்கிட்ட இருந்து மைக்கைப் புடுங்குனாரு. “வாயை மூடிட்டு வண்டியில ஏறு. சாமானைத் திருப்பிக் குடுத்துட்டு வருவோம்.”

கார்புரேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் சாக்குல போட்டுக்கிட்டு ராயப்பன்பட்டி போனோம். வீட்டு முன்னாடி கார் நிக்கிற எடத்துல எண்ணெய்க் கறை மட்டும் கெடந்துச்சு. மதினி ஒரு பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து, இன்னொரு சேர் மேல காலை நீட்டியிருந்தாக.

“மைக்குல பேசுற தம்பியா? வாங்க”ன்னாக. “இன்னைக்கு யாரை என்ன சொன்னீக?”

சாக்கைக் கீழ வைக்கிற மாதிரிக் குனிஞ்சுக்கிட்டேன். நானு! நம்புவீகளா?

அண்ணன் சட்டையை மாட்டிக்கிட்டே வெளிய வந்தாரு. “பழைய இரும்புக்குப் போட்டுட்டேன் மாப்ள”ன்னாரு மாமாகிட்ட. “டிஸ்ட்ரிபியூட்டர் எங்கனயும் சிக்கல. நின்ன வண்டிக்குள்ள எலி குடியேறிருச்சு. வெள்ளிக்கிழமை வந்து ஏத்திட்டுப் போயிட்டாக.”

மாமா சாக்கை அவுத்துக் காட்டுனாரு. அண்ணன் கார்புரேட்டரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. “நல்லாத் தொடச்சு வச்சிருக்கீகளே.” சாக்குக்குள்ளயே திரும்ப வச்சாரு. உள்ள போயி ஆஷ்ட்ரேயைக் கொண்டாந்து மாமா கையில குடுத்தாரு.

“இது உங்களுது. சீசன்தான் முடிஞ்சுருச்சுல்ல.”

மாமா மதினி பக்கம் திரும்புனாரு. “தங்கச்சி... இனிமே ஞாயித்துக்கிழமை நான் வந்து பூசைக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

மதினி தெருவுல நின்ன அம்பாசடரை எட்டிப் பாத்தாக. “அதுலயா? நான் பத்மினிக் கட்சிண்ணே. வீட்டுலயே செபம் பண்ணிக்கிருவேன்.” சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாக. நாங்க சாக்கைத் தூக்கிக்கிட்டுக் கெளம்புனோம்.

நமக்கு ஒதவாததை அடுத்தவன்கிட்ட இருந்து புடுங்குறதுல அப்படி என்ன ருசி?

சாக்கு எங்க வீட்டு பீரோ மேல இருக்கு. இந்த வருசம் சாம்பியன் நாங்கதான் — அடுத்த வருசம் யாரோட ஓட்டுவீகன்னு மட்டும் கேட்டுறாதீக.