ஆளுக்கொரு கல்

ஆரணிக்குப் பக்கத்துக் குன்றின்மேல் உள்ள சின்ன மாதா கோயிலை இடிக்கலாமா என்று பார்த்து அறிக்கை எழுதப் போன இன்ஜினியர் நான். அங்கே மணியடிக்கும் அம்மா வாசலை மறித்து நின்றார். நரைத்த கொண்டை, சுண்ணாம்பு காய்ந்த விரல்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்.

"கல்லு எங்க சார்? ஏறி வர்றவங்க ஆளுக்கொரு கல்லு தூக்கிகினு வரணும். இந்தச் சுவரே அப்படி எழும்புனதுதான்."

"அந்தச் சுவர்தான் விரிசல் விட்டிருக்கே?"

"அத அடைக்கத்தான் கேக்கறேன். வெறுங்கையோட வந்து இடிக்கப் பாக்கறீங்களா?"

ஏன் இறங்கினேன் என்று இன்றும் புரியவில்லை. மூச்சு வாங்க ஒரு கல்லோடு திரும்பினேன். அவர் அதை விரிசலில் பதித்துச் சுண்ணாம்பு பூசினார்.

"இப்ப எழுதுங்க சார், இடிக்கலாம்னு."

இன்னும் எழுதவில்லை.