திரும்பிப் பார்க்காத தளபதி

மலேசியாவில், பாடாங் செராய் பக்கத்துக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அழகேசனைத் தளபதியாக்கியது அலோர் ஸ்டாரில் இருக்கும் ஒரு ஹோட்டல். அதுவும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே.

அதுவரை அவர் பேக்கிங் பகுதியின் சூப்பர்வைசர், அவ்வளவுதான். பெட்டிக்குள் கையுறை ஒழுங்காகப் போகிறதா, யார் மட்டம் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது வேலை. அவருக்குக் கீழே இருந்தவர்கள் எல்லோரும் ஒரே தோட்டத்து ஆட்கள். தோட்டம் விலைபோய் லயத்து வீடுகளை இடித்த பிறகு, ஒரே அடுக்குமாடிக்குக் குடிவந்து, ஒருவர் கையைப் பிடித்து ஒருவராகத் தொழிற்சாலைக்குள் நுழைந்தவர்கள். செம்பனை மரங்களுக்கு நடுவே தனியாக விடப்பட்ட பழைய மாரியம்மன் கோயிலில் வருடா வருடம் தீமிதி நடக்கும். கரகத்தைத் தலையில் ஏந்தி முதலில் பூக்குழியில் இறங்குவது அழகேசன். மற்றவர்கள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் இறங்குவார்கள். நெருப்பைப் பார்த்தால்தான் சுடும் என்பது அவர்கள் கணக்கு.

ஹோட்டலில் நடந்தது தலைமைத்துவப் பயிற்சி. மலாய்க்கார சூப்பர்வைசர்களுக்கு ஓர் அறையில் அவர்களுடைய வீரர்களின் கதை, சீனர்களுக்கு அடுத்த அறையில் அவர்களுடைய வீரர்களின் கதை. தமிழர்களுக்குப் பயிற்சி தர வாய்த்தவர் கோட்டுக்கு மேல் அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு கோலாலம்பூரிலிருந்து வந்த விக்னேஸ்வரன்.

"நெஞ்சுல காயம் வாங்கினவனுக்குத்தான் அந்தக் காலத்துல நடுகல் வச்சாங்க. முதுகுல வாங்கினவனுக்கு ஒண்ணும் கிடையாது. உங்க வேலைக்குப் போடற கேபிஐ மார்க்கும் அப்படித்தான்," என்றார் அவர். "தலைவன் முன்னால நிப்பான். செஞ்ச தியாகத்தச் சொல்லிக்காட்ட மாட்டான். அடி எடுத்து வச்சா திரும்பிப் பாக்க மாட்டான்."

மற்றவர்கள் பிரியாணி வாசனை வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழகேசன் மட்டும் கேட்டுத் தொலைத்தார். மாலையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாள் கொடுத்து அனுப்பினார்கள்.

"இத வச்சு என்ன பண்றது? ஒரு தேங்காகூட உடைக்க முடியாது லா," என்றாள் மனைவி உமாராணி. அழகேசன் அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

கம்பெனி எதற்காகத் திடீரென்று வீரத்தின் மேல் செலவு செய்தது என்பது அடுத்த மாதம் தெரிந்தது. நோய்க் காலத்தில் உலகமே கையை நீட்டிக் கையுறை கேட்டது. நோய் தணிந்ததும் கையை இழுத்துக்கொண்டது. மனிதவளப் பிரிவின் ஷாந்தினி, அழகேசனை அறைக்குக் கூப்பிட்டார். தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண். கெட்ட செய்தியைக்கூட மெதுவாக வைப்பார்.

"மிஸ்டர் அழகேசன், உங்கட பகுதியில ஆளக் குறைக்கச் சொல்லினம்."

"யார மேடம்?"

"இன்னும் முடிவாகேல்லை."

அழகேசனுக்கு முதலில் ரூபினி ஞாபகம் வந்தாள். சிங்கப்பூருக்குப் போன புருஷன் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். வீட்டில் தாய்க்கு வாரா வாரம் ரத்தச் சுத்திகரிப்பு. பகுதியில் கடைசியாகச் சேர்ந்தவளும் அவள்தான். வெட்டு விழுந்தால் முதலில் அவள் தலைதான்.

"நான் போனா?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் கேட்டது தான்தான் என்று அவருக்கே தெரிந்தது.

ஷாந்தினி கையிலிருந்த ஃபைலை மூடினார். "நீங்க போனா மற்ற ஆக்கள வலுக்கட்டாயமா அனுப்ப விடமாட்டன். அதை நான் பாத்துக்கொள்ளுறன்." அவர் அதை நிஜமாகவே சொன்னார். அதுதான் இந்தக் கதையின் துரதிர்ஷ்டம்.

அழகேசன் யாரிடமும் சொல்லவில்லை, உமாராணியிடம்கூட. தியாகத்தைச் சொல்லிக்காட்டினால் அது நெஞ்சுக் காயமாகாதே. அன்று மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது, பிறந்ததிலிருந்து இல்லாத ஒரு நிமிர்வு முதுகில் இருந்தது. சந்தோஷமாக இருந்தார் என்றே சொல்லவேண்டும்.

மறு வாரம் பேக்கிங் பகுதியைக் கேன்டீனில் கூட்டினார்கள். சுடச்சுட மீகூன் நூடுல்ஸ், ஆளுக்கொரு முட்டை.

"முட்டையப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு, என்னமோ நடக்கப் போகுது," என்றான் பெட்டி ஒட்டும் குழந்தைவேலு.

ஷாந்தினி எழுந்தார். விருப்பத்தோடு விலகுகிறவர்களுக்குக் கூடுதல் இழப்பீடு உண்டு, அவர்கள் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்து மேசைக்கு வரலாம், யாரையும் வற்புறுத்தவில்லை என்றார். ஒருவரும் அசையவில்லை. மின்விசிறி மட்டும் வேலை பார்த்தது.

அழகேசன் எழுந்தார். நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. மரியாதைக்கு எழுந்து நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். கண் கலங்கியது. திரும்பிப் பார்க்கவில்லை.

மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால், பேனாவுக்காக ஒரு கை நீண்டிருந்தது. ரூபினி. அவளுக்குப் பின்னால் குழந்தைவேலு. அவனுக்குப் பின்னால் பகுதி முழுவதும் வரிசையாக.

"நீ எங்க வந்த?"

"நீங்க வந்தீங்களேண்ணே."

"போய் உக்காரு பிள்ளை."

"அண்ணனுக்கு உள்விஷயம் தெரியும்," என்றான் குழந்தைவேலு. "நல்லதா இல்லாமயா மொத ஆளாப் போறாரு. கேள்வி கேக்காம போடு ரூபினி, பின்னால ஆள் நிக்குது."

அழகேசன் ஷாந்தினியைப் பார்த்தார். "இவங்கள அனுப்பாதீங்க மேடம்."

"விருப்பத்தோட வந்திருக்கினம். நான் எப்படி மறிக்கிறது?" என்றார் ஷாந்தினி, மேசையைப் பார்த்தபடி. அவருக்குப் பக்கத்தில் நின்ற மேலாளர் முகத்தில், பாதிப் பேர் வந்தால் போதும் என்றிருந்தவருக்கு முழுசாகக் கிடைத்த பூரிப்பு.

வீரமெல்லாம் விட்டுப்போய் அழகேசன் கடைசியில் உண்மையைச் சொன்னார். "நான் ஒருத்தன் போனா போதும்னு பேசி வச்சிருந்தேன்டா. நீங்கல்லாம் இருக்கலாம்."

வரிசையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு குழந்தைவேலு சிரித்தான். "அப்ப எங்கள விட்டுட்டுத் தனியா காச வாங்கிட்டுப் போகப் பாத்தீங்களாண்ணே?"

விளையாட்டுக்குத்தான் கேட்டான். ஆனால் கேட்டு முடித்ததும் அவன் முகம் மாறியது. ரூபினி பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

இழப்பீடு கரையும் வேகம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரூபினி கூலிமில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவுகிறாள். தாய்க்கு ரத்தச் சுத்திகரிப்பு வாரா வாரம் என்பது இப்போது முடிந்தபோது என்றாகிவிட்டது. குழந்தைவேலு உணவு விநியோகத்துக்கு மோட்டார் ஓட்டுகிறான். கம்பெனி அழகேசனுக்கு ஒரு கண்ணாடிக் கேடயம் அனுப்பியது. 'முன்னின்று வழிநடத்தியமைக்காக' என்று பொன்னெழுத்தில் இருந்தது. நடுகல் வந்து சேர்ந்துவிட்டது. உமாராணி அதைப் பின்கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டாக வைத்திருக்கிறாள்.

இந்த வருடத் தீமிதிக்குக் கரகம் வேண்டாமென்று அழகேசன் பூசாரி முனியாண்டியிடம் போய் நின்றார்.

"காப்புக் கட்டுற நேரத்துல வந்து சொல்றியேப்பா. வேற யாரு பின்னால இதுங்க எறங்கும்?" என்றார் முனியாண்டி.

யாரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அழகேசன் காப்புக் கட்டிக்கொண்டார்.

தீமிதி அன்று மாலையில் பறை முழங்கியது. பூக்குழி செக்கச்செவேலென்று கிடந்தது. அதன் விளிம்பில் நின்ற அழகேசன், தலையில் கரகத்தோடு, உடம்பு முழுவதையும் மெல்லத் திருப்பி முதன்முறையாகப் பின்னால் பார்த்தார்.

எல்லோரும் வந்திருந்தார்கள். மஞ்சள் துணியில், ஈரத் தலையோடு, ரூபினியும். இத்தனை வருடம் முதுகையே பார்த்துப் பழகியவர்கள், முகம் எதிரே வந்ததும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தடுமாறினார்கள். ஒருவர் கண்ணிலும் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பார்.

"என்னண்ணே பாக்குறீங்க," என்றான் குழந்தைவேலு. "நீங்க போங்க. நாங்க வர்றோம்."