தொட்டிக்குள் ராமேசுவரம்

தம்பி நெஞ்சுவலியில் போய் ஐம்பது நாள் இருக்கும். அவனுடைய செல்போன் அடித்தது, நான்தான் எடுத்தேன். "அண்ணே, நீங்க சொல்லிவச்ச பவளம் வந்திருச்சு, எப்ப வாரீங்க?" என்றார் வளர்ப்பு மீன் கடைக்காரர். தம்பியிடம் பேசுவதாக அவர் நினைத்ததில் தப்பில்லை. "சாயங்காலம் வாரேன்" என்று அவனாகவே நான் பதில் சொன்னதுதான் தப்பு. எங்கள் இருவருக்கும் ஒரே குரல். மற்றபடி மூளை அவனுக்குப் போனது, வழுக்கை எனக்கு வந்தது.

தல்லாகுளத்து வீட்டுக் கூடத்தில் அவன் வைத்துவிட்டுப் போன கடல்நீர்த் தொட்டியை எப்படி நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் நேரம் குறித்து வைத்திருந்த விளக்கு காலை பத்துக்குத் தானாக எரியும், மாலை ஆறுக்கு நீலமாகும். அந்த நீலத்தின் முன்னால் அம்மா போய் உட்கார்ந்துகொள்வாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டாள்.

கடையில் தம்பி போய்விட்டதைச் சொன்னதும் கடைக்காரர் மேசையைப் பிடித்துக்கொண்டார். மதியம் போனில் பேசியது யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மான்கொம்பு போலக் கிளை பிரிந்த, ஒரு சாண் உயரப் பவளம். கடலில் ஒடித்ததல்ல, தொட்டியில் வளர்த்தது என்றார். தண்ணீர்ப் பையோடு அரைமணி நேரம் தொட்டியில் மிதக்கவிட வேண்டும், பிறகு தொட்டித் தண்ணீரைப் பைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்க வேண்டும், முதல் சில நாள் வெளிச்சம் அதிகம் படாத மூலையில் வைக்க வேண்டும். புது மருமகளைக்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு பக்குவமாக அழைத்ததில்லை. வேண்டுமானால் என் மனைவியைக் கேளுங்கள்.

மூன்றாம் நாள் கிளைகளின் நுனியெங்கும் பொடிப்பொடியாக விரல்கள் விரிந்தன. "கை நீட்டுது பாரு பெரியவனே" என்றாள் அம்மா. அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டாள். இந்தப் பவளம் செத்தால் வீட்டில் இரண்டாவது சாவு. முதலாவதற்கு நான் காரணமில்லை, இதற்கு நான் மட்டும்தான்.

மதுரை வெயிலுக்குத் தொட்டி தினம் ஒரு விரற்கடை வற்றியது. ஆடி அமாவாசைக்குத் தெருப் பெண்களோடு வேனில் ராமேசுவரம் போய்வந்த அம்மா, இரண்டு கேன் கடல் தண்ணீரோடு இறங்கினாள். கடலில் வாழ்கிற உயிருக்குக் கடல் தண்ணீர் ஊற்றினால் நல்லதுதானே என்று என்னைக் கேட்டாள். பி.எஸ்சி. வேதியியல் படித்தவன் நான். தாராளமாக ஊற்று என்றேன். தினம் சொம்பு சொம்பாக ஊற்றினாள்.

இரண்டு வாரத்தில் பவளம் சுருங்கிவிட்டது. ஒரு கிளை எலும்பாக வெளுத்தது. கடைக்காரருக்குப் போன் செய்தேன். "அண்ணே, குழம்பு சுண்டுனா தண்ணி ஊத்துவீங்களா, உப்ப அள்ளிப் போடுவீங்களா?" என்றார். வற்றுவது தண்ணீர் மட்டும்தானாம், உப்பு உள்ளேயே தங்கிவிடுமாம். இரண்டு கேன் அளவு எடுத்துவிட்டு, உப்பில்லாத தண்ணீரை மூன்று நாள் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார்.

தொட்டித் தண்ணீரை இறக்கக் குழாயை வாளியில் போட்டபோது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சாக்கடையில ஊத்திறாத. ஒந்தம்பியக் கரைச்ச எடத்துல மோந்தது."

அஸ்தியைக் கரைத்தவன் நான்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று திரும்பிப் பார்க்காமல் கரையேறியவன். இந்த இரண்டு வாரமாக அவனைச் சொம்பில் மோந்து வீட்டுக்குள் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறோம், என் அனுமதியோடு.

தொட்டியில் எடுத்ததை ஸ்கூட்டரில் வைகைக்குக் கொண்டுபோனோம். என் காலடியில் ஒரு கேன், பின்னால் அம்மா மடியில் ஒரு கேன். வைகையிலிருந்து மணலையும் தண்ணீரையும் அள்ளியவர்கள் ஏராளம். கொண்டுபோய் ஊற்றியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மணல் சத்தமில்லாமல் குடித்தது.

"மழ பேஞ்சா இதுவும் அந்தக் கடலுக்குத்தானே போவும்?"

"அங்கிட்டுத்தாம்மா."

தன் கேனில் கால்வாசியை அம்மா ஊற்றாமல் மூடினாள்.

வெளுத்த கிளை தவிர மற்றவை ஒரு வாரத்தில் விரிந்தன. அம்மாவும் சாப்பிடுகிறாள். நான் பார்க்காதபோது அந்தக் கேனிலிருந்து தொட்டிக்கு ஒரு சொம்பு ஊற்றுகிறாள் என்று தெரிந்ததும், கேனில் இருந்ததை மாற்றிவிட்டு, கடையில் விற்கும் குடிதண்ணீரை நிரப்பி வைத்தேன். தினம் வற்றுவதற்கு ஈடாக அது சரியான அளவு. குறையக் குறைய நானே நிரப்புகிறேன். அம்மா ஊற்றிவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிடுகிறாள், பவளம் எல்லாக் கைகளையும் நீட்டுகிறது, கதவுக்குப் பின்னால் நான் திருடன் மாதிரி நிற்கிறேன்.

கேனில் இருந்த அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்ற எனக்கும் கை வரவில்லை. இரண்டு பாட்டிலில் அடைத்து ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உள்ளே அலையடிக்கிறது.