அக்காவுக்குக் கேட்ட ஒரே பறவை

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. பத்திரிகைகளில் சிரிப்புக் கட்டுரை எழுதுபவன் என்கிற ஒரே தகுதியில் இந்த நினைவு மலருக்கு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "சிரிக்க வெச்சிடாத மச்சான்" என்று அக்காவின் கணவர், எங்கள் மாமா, முன்கூட்டியே சொல்லிவிட்டார். அவர் கவலைப்பட வேண்டியதில்லை. அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

ஆந்திர எல்லைக்குள் இருக்கும் நகரியில், மூக்குமலை தெரியும் தெருவில், தறிக்காரர் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அக்கா. தெலுங்குப் பள்ளியில் படித்தார். நைனா திடீரென்று இறந்தபோது பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தறிக்கு வந்தார். பிறகு கைத்தறி போய் விசைத்தறி வந்தது. மாமாவைத் திருமணம் செய்துகொண்ட பிறகும் தறிக்கொட்டகை அக்காவின் பொறுப்பிலேயே இருந்தது. அதன் வருமானத்தில்தான் நான் திருப்பதியில் படித்தேன், மூட்டை மூட்டையாகப் புத்தகம் வாங்கினேன். என்னைப் படித்தவனாக்கிய அதே விசைத்தறியின் சத்தம் அக்காவின் காதைக் கொண்டுபோயிற்று. நாற்பதைத் தாண்டும் முன்பே, அவரிடம் எதைச் சொல்வதானாலும் தெருவுக்கே சொல்ல வேண்டியிருந்தது.

கரண்ட் போனால் தறிக்காரர்கள் எல்லோரும் மின்வாரியத்தைத் திட்டுவார்கள். அக்கா டிபன் பாக்ஸில் புளிச்சோறு கட்டிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஊருக்கு மேற்கே, குன்றின் மறுபக்கத்தில் இருக்கும் காடு அது. ஒற்றையடிப் பாதையில் ஏறினால் ஒரு சுனை, சுனையோரம் கன்னிமார் என்று நாம் கும்பிடும் ஏழு கற்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் என்னையும் இழுத்துக்கொண்டு போவார். மலையடிவாரமான அலிபிரியில் குடியிருந்தும் ஒருமுறைகூடத் திருமலைக்கு நடந்து ஏறாதவன் நான். பாதி வழியில் மூச்சிளைத்து உட்கார்ந்து, பறவைகளைப் பற்றிய புத்தகத்தைப் புரட்டி ஏதாவது பெயர் சொல்வேன். பெரும்பாலும் தவறாகவே இருக்கும். அக்காவுக்கு அதனால் நஷ்டமில்லை. சன்னக் குரலில் கூவும் எதுவும் அவர் காதுக்கு எட்டாது. செம்போத்து ஒன்றுதான் அடித்தொண்டையிலிருந்து கூவும். அது கூவியதும் நின்று, விரலை உயர்த்தி என்னைப் பார்ப்பார்.

"கேக்குதா? எனக்குக் கேக்குதுடா."

வேறு எதற்கும் அவர் முகம் அப்படி ஆனதை நான் பார்த்ததில்லை.

குன்றின் ஊர்ப்பக்கத்தில் கல்குவாரி வந்து பல வருடங்கள் ஆகின்றன. மதியத்தில் சங்கு ஊதி வெடி வைப்பார்கள். தறி ஓடும்போது அக்காவுக்குச் சங்கும் கேட்காது, வெடியும் கேட்காது. காலடியில் தரை அதிரும், தறியில் பாவு நூல் அறும், அவ்வளவுதான். குவாரியைக் காட்டின் விளிம்புவரை நீட்டப் போவதாகவும், அதற்கு ஊராரின் கருத்தைக் கேட்கப் போவதாகவும் ஒருநாள் தண்டோரா போட்டார்கள். கன்னிமார் சுனைவரை தார் ரோடு போட்டுத் தருவதாகக் குவாரிக்காரர் முன்னதாகவே வாக்குக் கொடுத்திருந்தார். ஆடி மாதத்தில் பொங்கல் பானையைச் சுமந்து ஏறியவர்களுக்கு, அந்தக் கன்னிமாரே வந்து வரம் கொடுத்ததுபோல இருந்தது.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நம் ஊர்ப் பெரியவர்கள் மேடையேறினார்கள். ரோடு வேண்டும் என்று மைக்கில் கேட்டார்கள். குவாரிக்காரருக்குத் துண்டு போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் துண்டு எங்கள் தறியில் நெய்தது. கோயில் காரியம் என்று சொல்லி மாமாவிடம் வாங்கிப் போயிருந்தார்கள். ரோடு கேட்டதையும் துண்டு போர்த்தியதையும் சேர்த்து, ஊருக்கு முழுச் சம்மதம் என்று அதிகாரிகள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். படத்தில் இருப்பவர்கள் பலரின் கையில் இன்று இந்த மலர் இருக்கும். பயப்பட வேண்டாம், அந்தப் படத்தை இதில் அச்சிடவில்லை.

அப்போதுதான் அக்கா எழுந்துபோய் மைக்கைப் பிடித்தார். தறிக்கொட்டகையில் பேசிப் பழகிய குரல், அதற்கு மேல் மைக். பந்தலே அதிர்ந்தது. கொஞ்சம் மெல்லப் பேசச் சொல்லி அதிகாரி தெலுங்கில் கெஞ்சினார். அக்காவுக்குக் கேட்டால்தானே!

"ரோடு கன்னிமாருக்கு இல்ல சார், லாரிக்கு. நாங்க நடந்தே போய்க்கினு இருக்கோம், நடந்தே போவோம். காட்ட ஒடச்சிட்டு அந்த ஏழு கல்லையும் எங்க கொண்டுபோயி வெப்பீங்க?"

பந்தல் சிரித்தது. பின்வரிசையில் ஒருவர், "காது கேக்காதவளுக்கு வெடி வெச்சா இன்னா, வெக்காட்டி இன்னா?" என்றார். பக்கத்துத் தெருப் பெண் அதை அக்காவின் காதில் கத்திச் சொன்னாள். அக்கா மைக்கை விடவில்லை.

"எனக்குக் கேக்காது. கரடிக்குக் கேக்குமே."

அதற்கும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அக்காவுக்குக் கேட்கவில்லை. வாழ்நாளில் அந்த ஒருநாள் மட்டும் விசைத்தறிக்கு நான் நன்றி சொன்னேன்.

அக்கா வழக்குப் போட்டார். தீர்ப்பு வரும்வரை காட்டுப்பக்கம் வெடி வைக்கக் கூடாது என்று தடை கிடைத்தது. ரோடும் நின்றது. ரோட்டைக் கெடுத்தவள் என்று பெயர் வந்தது. நெய்வதற்குப் பாவு நூல் கொடுத்து வந்தவர் அதை நிறுத்தினார். நெருங்கிய சொந்தத்தில் நடந்த கல்யாணத்துக்கு எங்கள் வீட்டுக்கு மட்டும் பத்திரிகை வரவில்லை. கல்யாணப் பெண்ணுக்கென்று எடுத்து வைத்திருந்த புடவையை அக்கா ஆள்மூலம் அனுப்பி வைத்தார்.

பிறகு அக்காவின் நுரையீரல் கெட்டது. திருப்பதி ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரங்களில், ஒவ்வொரு நாளும் நான் கட்டிலருகே போனதும் அக்கா கேட்பது ஒன்றுதான்.

"வெடி வெச்சாங்களாடா?"

ஊரில் இருந்த மாமாவிடம் போனில் கேட்டுக்கொண்டுதான் உள்ளே போவேன். "இல்லக்கா" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்துவேன். சில நாட்களில், நான் வாயைத் திறக்கும் முன் பக்கத்துக் கட்டில் தெலுங்கு அம்மாளே "லேதம்மா" என்று பெரிதாகக் கையை ஆட்டிச் சொல்லிவிடுவார். அக்கா கண்ணை மூடிக்கொள்வார். கடைசி நாள் காலையிலும் மாமாவைக் கேட்டுக்கொண்டு, பதிலோடு கட்டிலருகே நின்றேன். அக்கா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவர் கேட்காமலேயே சொன்னேன், கத்திச் சொன்னேன். கேட்டதா என்று தெரியவில்லை.

அக்காவைத் தூக்கிச் சுமந்த உறவினர்களுக்கும், கட்டணம் வாங்காமல் வழக்கை நடத்தும் வக்கீலுக்கும், அந்தத் தெலுங்கு அம்மாளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பந்தலில் சிரித்தவர்களில் சிலர் சுடுகாடுவரை வந்து அழுதார்கள். அவர்களுக்கும் நன்றி.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். வழக்குப் போட்டவர் இல்லாமல் வழக்கு நிலைக்காது. அவர் இடத்தில் வேறொருவர் பெயர் வேண்டும் என்றார் வக்கீல். காரியம் முடிந்த கையோடு என் பெயரைக் கொடுத்தேன். காட்டைக் காப்பாற்ற, பாதி வழியில் இளைத்து உட்காருபவன் வந்திருக்கிறான். குவாரிக்காரர் இதைப் படித்தால் நிம்மதியாகத் தூங்குவார். தடை இன்னும் இருக்கிறது, தீர்ப்பு வரவில்லை. போன மாதம் மாமாவும் நானும் உட்கார்ந்து உட்கார்ந்து சுனைவரை ஏறிவிட்டோம். செம்போத்து கூவியது. மாமா விரலை உயர்த்தினார்.

ஒவ்வொரு நாள் மதியமும் பதிலைத் தெரிந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கேட்கத்தான் ஆளில்லை. இந்த மலரைக் கையில் வாங்கிய நீங்கள், என்னை எங்கே பார்த்தாலும், "வெடி வெச்சாங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சத்தமாகவே கேளுங்கள்.